பன்னிரண்டு கடகம் மணல்

எங்கள் பங்கின் வரலாற்றை எழுதியவன் நான்தான். புதுக் கோயிலைப் பிஷப் வந்து திறந்துவைத்த அர்ச்சிப்புக்கு அச்சடித்த மலரில் எட்டுப் பக்கம் ஓடுகிறது. வழவழப்பான தாள், கலர்ப் படங்கள், பக்கத்துக்கு ஒரு பூ பார்டர். அதில் பொய் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வரிகூடக் கிடையாது. என் அம்மாவைப் பற்றியும் ஒரு வரி கிடையாது.

தபால் துறையில் முப்பத்தாறு வருசம் வேலை பார்த்தவன் நான். ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்து, கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் எழுதிக் கொடுத்து, எழுத்துக்காரன் என்று எப்படியோ பெயர் வாங்கிவிட்டேன். ரிட்டையர் ஆகி ஊரோடு வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெயர் என்னைப் பிடித்துக்கொண்டது. கோயில் வரலாறா, கூப்பிடு அவரை என்றார்கள்.

விளாத்திகுளம் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சுற்றிலும் மிளகாயும் உளுந்தும் போட்ட கரிசல். சுற்று வட்டாரத்தில் எல்லாம் அம்மன் கோயிலும் அய்யனார் கோயிலும்தான். நடுவில் நாங்கள் அறுபது வீட்டுக்காரர்கள் மட்டும் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். எங்கள் முன்னோர் ஒரு பஞ்சத்தில் கடற்கரைப் பக்கமிருந்து வந்த சாமியார் ஊற்றிய கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சண்டை வந்தால் இன்றைக்கும் அந்தக் கஞ்சியைத்தான் முதலில் எடுப்பார்கள். மலரில் நான் அதை 'விசுவாச ஒளியைப் பெற்றனர்' என்று எழுதினேன். பசித்தவனுக்குக் கஞ்சி ஒளியாகத்தானே தெரிந்திருக்கும். ஆகவே அதுவும் பொய்யில்லை.

பழைய கோயில் கட்டியபோது நான் மூன்றாம் வகுப்பு. அதற்கு முன் இருந்தது பனை ஓலைக் கொட்டகை. அப்போதிருந்த சாமியார் நெட்டையான மனிதர், சைக்கிளில் வருவார், அங்கிக் கீழ்ப்பகுதி முழுக்கக் கரிசல் அப்பியிருக்கும். கல்லும் சுண்ணாம்பும் அவர் எங்கெங்கோ கேட்டு வாங்கிவிட்டார். ஆனால் கரிசலில் கட்டடம் எழுப்புவது கல்லும் சுண்ணாம்பும் மட்டும் சேர்ந்த காரியமில்லை. இந்த மண் மழை பெய்தால் உப்பும், வெயிலில் சுருங்கி ஆள் கால் போகிற அளவுக்கு வெடிக்கும். மேலே நிற்கிற சுவரையும் சேர்த்துத்தான் தூக்கிப் போடும். ஆளுயரத்துக்கு மேல் தோண்டி, கரிசலை முழுக்க வெளியே அள்ளிவிட்டு, அந்தக் குழியை மணலால் நிரப்பித் தண்ணீர் விட்டுக் கெட்டித்து, அதற்கு மேல்தான் அஸ்திவாரம் போட வேண்டும். இது எங்கள் பக்கத்தில் மாடு மேய்க்கிறவனுக்கும் தெரியும்.

மணல் ஊருக்கு மேற்கே அரை மைலில் ஓடையில் கிடந்தது. சும்மா கிடந்தது. சுமந்து வரத்தான் ஆள் இல்லை. பூசை முடிந்ததும் சாமியார் ஊரைக் கூட்டிப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் ஓடையில் நின்றது சாமியாரும் மணியடிக்கிற கோயில்பிள்ளையும்தான். இரண்டு வாரம் இப்படிப் போனது. அதற்குள் பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின நாற்பது நாள் தபசு காலம் வந்தது. பாஸ்காவுக்கு முன்னால் எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும், அதிலிருந்து தப்ப முடியாது. மனிதர் அங்கே வைத்தார் கண்ணியை.

பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொன்னால் சாமியார் ஓர் அபராதம் விதிப்பார். வழக்கமாக இத்தனை செபம் சொல்லு என்பார். அந்த வருசம் செபத்துக்குப் பதில் மணல் என்றார். இத்தனை கடகம் மணல் கொண்டுவந்து குழியில் தட்டு. கடகம் என்றால் பனை ஓலையில் முடைந்த பெரிய பெட்டி. ஈர மணல் நிறைத்துத் தலையில் ஏற்றினால் கழுத்து உள்ளே இறங்கும்.

மணல் வந்து குவிந்தது. சாமியாரின் புத்தியைப் பக்கத்துப் பங்குகளில்கூட மெச்சினார்களாம். அவர் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். பாவத்தைச் சொல்வது காதோடு காதாக. மணலைச் சுமப்பது நடுத்தெருவில். எண்ணுவதற்கென்று யாரையும் நியமிக்கவில்லை, ஊரே எண்ணியது. ஒரு கடகம் என்றால் பொய், கோபம். இரண்டு மூன்று என்றால் வாய்ச்சண்டை, குடி, பூசைக்கு வராதது. நாலைத் தாண்டினால் களவு. அதற்கு மேல் போனால் சுமக்கிறவரின் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் மிச்சத்தைச் சொல்லிக்கொள்வார்கள். பருத்தி வாங்கி விற்கிற ஒருவர் தராசில் கைவைக்காத நாளே கிடையாது. அவர் அந்தத் தபசு முழுக்கச் சுமந்தது ஒரே ஒரு கடகம், அதுவும் தலைதட்டி. ஊரே சிரித்தது. இரண்டு கிணறு வைத்திருந்த ஒரு சம்சாரி தன் அபராதத்தைப் பண்ணையாள் தலையில் ஏற்றிவிட்டார். மறு ஞாயிறே சாமியார் பிரசங்கத்தில் கிழித்துவிட்டார். பாவம் செய்தவன் தலையில்தான் கடகம் ஏற வேண்டும், அடுத்தவன் தலையில் ஏற்றுகிறவனுக்கு அதுவே இன்னொரு பாவம் என்றார். அதோடு அந்த வழி அடைபட்டது. அவரவர் சுமப்பது அவரவர் பாவம் என்று ஊருக்கு உறுதியாகிவிட்டது.

எங்கள் அம்மா முதல் வாரம் ஐந்து கடகம் சுமந்தாள். அடுத்த வாரம் ஏழு. அதற்கடுத்து ஒன்பது. காட்டு வேலை முடிந்து வந்து, எங்களுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு, பொழுது அடைவதற்குள் இரண்டு நடை. ஐந்தாவது வாரம் பன்னிரண்டு. எங்கள் ஊரில் பன்னிரண்டு கடகம் சுமந்தவர் வேறு யாரும் இல்லை, கொலைக் கேஸில் உள்ளே போய்வந்த ஒருவர் உட்பட.

அய்யா, அதாவது என் அப்பா, அப்போது கோவில்பட்டியில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து, பாவசங்கீர்த்தனம் செய்து, ஞாயிறு பூசையில் பாட்டுக்கு முன்னால் நிற்பார். நல்ல குரல் அவருக்கு. பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல், துண்டைச் சும்மாடு கட்டி, எல்லோரும் பார்க்க இரண்டே இரண்டு கடகம் சுமந்து தட்டுவார். மில்லில் ஆறு நாள் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து இப்படிச் சுமக்கிறாரே என்று ஊர் மெய்சிலிர்த்தது. புருசன் வெளியூரில், பெண்டாட்டி பன்னிரண்டு கடகம். ஊருக்கு வேறென்ன வேண்டும்.

அம்மாவுக்குப் 'பன்னெண்டு கடகம்' என்று பெயர் விழுந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. ஓடையில் அவள் வந்தால் பேச்சு நிற்கும். கோயிலில் பெண்கள் பக்கம் பாயில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்கச் சொல்லி ஒருவரை ஒருவர் கேட்பது மரியாதை. கூனிக் குறுகிய கிழவிகளுக்குக்கூட ஏழெட்டு ஞானப்பிள்ளைகள் உண்டு. அம்மாவை ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. இத்தனை வருசத்தில் ஒரு குழந்தையைக்கூட அவள் கையில் தந்து தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னதில்லை. தங்கமான மனுசனுக்கு இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று அய்யாவுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அவரும் அந்தப் பரிதாபத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

நானும் நம்பினேன். இதை எழுதத்தான் எனக்கு இத்தனை பக்கம் சுற்ற வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கேலி செய்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன், நீ என்ன பாவம் செய்தாய் என்று. அவள் பதில் சொல்லாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு ஐம்பது வருசத்துக்கு மேல் கொண்டுநடந்தேன். வேலை கிடைத்ததும் முதல் மாதம் அய்யாவுக்கு வேட்டியும் ரேடியோவும் வாங்கினேன். அம்மாவுக்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. அய்யா சாகும்போது பாட்டுக்குழு மொத்தமும் வந்து நின்று பாடியது. அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. அழுகை எப்படி வரும் அவளுக்கு என்று ஒருத்தி பின்னால் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் பழைய கோயிலை இடித்தார்கள். அதற்கு ஒரு குறையும் இல்லை. சுவரில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் பம்பாயிலும் துபாயிலும் சம்பாதிக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு கோபுரம் வைத்த கோயில் வேண்டியிருந்தது, பேஸ்புக்கில் போட. பங்குப் பேரவையின் துணைத்தலைவர் தீப்பெட்டி ஆபீசுக்கு அட்டை சப்ளை செய்கிறவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், எதற்கும் முன்னால் நிற்பார். அவர்தான் ஜேசிபி பேசி அழைத்துவந்தார்.

இடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். எண்பதைத் தாண்டிய உடம்பு, முட்டி மடங்காது. ஆட்டோவில் கூட்டிப்போய்க் கோயில் எதிரே நிறுத்திச் சீட்டிலேயே உட்காரவைத்தேன். சுவர் விழுந்தபோது அவள் முகத்தில் ஒன்றுமில்லை. அஸ்திவாரக் கல்லையும் பெயர்த்து எடுத்த பிறகு, ஜேசிபி உள்ளே கைவிட்டு அள்ளியது மணல். சுற்றிலும் கன்னங்கரேல் என்று மண், நடுவில் மட்டும் நேற்றுத் தட்டியது மாதிரி வெள்ளை மணல். ஆற்று மணலும் ஓடை மணலும் இப்போது எங்கள் பக்கம் கண்ணில் காணக் கிடைக்காது, அரைத்த கல்தூளில்தான் வீடு கட்டுகிறோம். கூடி நின்றவர்கள் ஆவென்று பார்த்தார்கள். லாரி வந்து நின்றது. மணலை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

"எங்க கொண்டு போறாவ?" என்று அம்மா கேட்டாள்.

துணைத்தலைவர் வீட்டுக்கு என்றேன். மாடி எடுக்கிறார், பூச்சுக்கு வேண்டுமாம், அதற்குப் பதிலாகக் கோயிலுக்கு வேறு ஏதோ செய்வதாகச் சொல்லியிருக்கிறார் என்றேன்.

அம்மா சிரித்தாள். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தபடி, "உங்க அய்யா பாவம் மாடி ஏறப்போவுது" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்ன சொல்லுதே என்றேன்.

"அது அம்புட்டும் உங்க அய்யாவுது. எனக்கு அந்தத் தபசுக்கு மொத்தமே ஒரு கடகம். மாமியாள எதுத்துப் பேசினதுக்கு."

லாரி கிளம்பிப்போன பிறகும் ஆட்டோவை எடுக்கவிடாமல் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் முடித்து வந்து அய்யா எண்ணிக்கையை மட்டும் சொல்வாராம். இந்த வாரம் ஏழு, ரெண்ட நான் காலைல தட்டிருதேன், மிச்சத்த நீ பாத்துக்க. எனக்கு நேரம் எங்க இருக்கு? புருசன் பொண்டாட்டி ஒரே சரீரம்னு சாமியாரே சொல்லுதாருல்லா என்பாராம். பாவம் என்ன என்று இவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

"வாரா வாரம் கூடிக்கிட்டே போச்சு. அஞ்சு, ஏழு, ஒம்பது. கூடக் கூட எனக்கே வெளங்கிட்டு, கோயில்பட்டில இன்னொரு அடுப்பு எரியுதுன்னு. பன்னெண்டு சுமந்த அன்னைக்கு, சரி, அங்கன பிள்ளை உண்டாயிருக்குன்னு நெனச்சேன்."

ஊர் கணக்கில் தவறே செய்யவில்லை. பாவம் இன்னதென்று சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. ஆளை மட்டும் மாற்றிக்கொண்டது.

ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. ஏதோ குற்றம் அவளுடையது என்பது போல.

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னத வெளிய விடப்பிடாதுன்னு சின்னப்பிள்ளைல படிச்சிருக்கேன்லா. அவரு பாவம் என் கைக்கு வந்துட்டு, அப்ப எனக்கும் அந்தக் கட்டு உண்டுன்னு இருந்தேன். வெளிய விட்டா நரகம்னு பயம். அது சாமியாருக்கு மட்டுந்தானாம், எனக்குக் கெடையாதாம். நன்மை கொண்டாரப்போ இப்ப உள்ள சாமிதான் சொன்னாரு, போன வருசம்."

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியால் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். சாமியாருக்குப் போட்ட கட்டைத் தன் வாய்க்கும் போட்டுக்கொண்டு ஓர் ஆயுளையே ஓட்டியிருக்கிறாள். பாவம் செய்தவன் தலையில்தான் கடகம் என்ற விதியையும் அவள் மீறியவள். அதனால் அந்த வருசம் நன்மை வாங்கவே, பூசையில் தருகிற அப்பத்தை வாங்கவே, பயந்தேன் என்றாள்.

அந்தச் சாமியாருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. யாருக்கு எத்தனை கடகம் என்று சொன்னவர் அவர்தானே. பன்னிரண்டாவது கடகத்தை அம்மா கொண்டுவந்தபோது அவர் குழிக்கரையில் நின்றிருக்கிறார். அவளைப் பார்த்துக்கொண்டே நின்று, தானே கைகொடுத்து அதை இறக்கி வைத்தாராம். மறு ஞாயிறு குருத்தோலைத் திருநாள். மணல் போதும், இனிமேல் எல்லோருக்கும் செபம்தான் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அவருக்கு உண்மையிலேயே கட்டு இருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை. மணலுக்குப் பதில் வேறு ஒரு வழி அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

அடுத்த வருசம் புதுக் கோயில் முடிகிற நேரத்தில் என்னை வரலாறு எழுதச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"எய்யா, அப்ப மணல் சங்கதிய எழுதுவெல்லா?"

எழுதாமலா என்றேன்.

"உங்க அய்யாவ ஏச வேண்டாம். என்னன்னும் போட வேண்டாம். அந்தப் பன்னெண்டும் எனக்குள்ளது இல்லன்னு மட்டும் போடு. அது போதும். எழுத்துல இருந்தா யாரும் அழிக்க முடியாதுல்லா."

அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான், ஆயுளில். எழுதினேன். இரண்டு பக்கம் எழுதினேன். ஓடையிலிருந்து குழிவரை ஒன்றுவிடாமல் எழுதி, கடைசியில், ஒரு பெண் தன்னுடையதல்லாத பன்னிரண்டு கடகத்தைச் சுமந்தாள், அவளை இந்த ஊர் தப்பாக எண்ணியது என்று முடித்தேன். பெயர் போடவில்லை. எங்கள் ஊரில் பன்னிரண்டு கடகம் என்றால் பெயரே தேவையில்லை.

துணைத்தலைவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணாச்சி, பாவத்துக்கு மண்ணு சுமந்து கட்டின கோயில்னு போட்டா, பிஷப் வந்து உக்காந்திருக்க மேடைல நம்ம ஊரு மானம் என்னத்துக்கு ஆவும்? பக்தியோட சுமந்தாவன்னு போடுங்க. உங்க அப்பா போட்டோ வேற முழுப்பக்கம் போடுதோம், பாட்டுக்குழுவை ஆரம்பிச்சவர்னு. பக்கத்துலயே இப்படி ஒண்ணு இருந்தா நாலு பேரு கூட்டிப் பாப்பாம்லா."

பங்குச்சாமியார் சின்ன வயசுக்காரர், சாந்தமானவர். "சார், இதுல நான் தலையிட மாட்டேன். நீங்க போடணும்னா போடுங்க, அச்சுக்குப் போயிரும். உங்க முடிவுதான்" என்றார்.

இதுதான் நடந்தது. யாரும் என் கையை முறுக்கவில்லை. யாராவது முறுக்கியிருந்தால் இன்றைக்கு அவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வீட்டுக்கு எடுத்துவந்து மேசையில் வைத்து உட்கார்ந்தேன். அய்யாவின் போட்டோ எதிரே இருந்தது, பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி. அவருடைய மகன் என்பதால் எனக்குக் கிடைத்த மரியாதை எல்லாம் ஞாபகம் வந்தது. கோவில்பட்டியில் அந்த இன்னொரு வீட்டுப் பிள்ளை ஒருவேளை இருந்து, இதைப் படித்துவிட்டு வந்து நின்றால் என்ன செய்வது என்றும் பயந்தேன். என் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். இப்படி ஒவ்வொன்றாகக் காரணம் சேர்த்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் கோடு போட்டு அடித்தேன். அந்த இடத்தில், 'பங்கு மக்கள் பக்தியோடு மணல் சுமந்து அடித்தளம் அமைத்தனர்' என்று எழுதினேன். ஏழு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது.

அர்ச்சிப்பு முடிந்த மறுநாள் அம்மா மலரைக் கேட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியும், வாசிக்கிற அளவுக்குக் கண்தான் தெரியாது. வாசிக்கச் சொன்னாள். பஞ்சம், கொட்டகை, சாமியார்கள் வரிசை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். மணல் வந்ததும் தலையை லேசாக நிமிர்த்தினாள். அந்த வரியை வாசித்துவிட்டு நிற்காமல் அடுத்த பாராவுக்குப் போய்விட்டேன். கொஞ்ச தூரம் விட்டுவிட்டு அவள் கேட்டாள்.

"மணலு முடிஞ்சிட்டா?"

முடிந்துவிட்டது என்றேன்.

"அம்புட்டுத்தானா?"

இடம் பத்தவில்லை, சுருக்கச் சொல்லிவிட்டார்கள் என்றேன். மலரில் பொய் இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். மலருக்கு வெளியே சொன்ன பொய் இது. அவள் தலையை ஆட்டினாள். மீதியையும் வாசி என்றாள். நன்கொடையாளர் பட்டியல்வரை கேட்டுவிட்டுத்தான் படுத்தாள். அதற்குப் பிறகு புதுக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம் வரவில்லை என்றுவிட்டாள். "அதுக்கு நான் ஒண்ணும் சுமக்கலையே" என்றாள் ஒருமுறை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. நல்ல மழை. மணலை அள்ளிய குழியைப் பக்கத்தில் குவித்திருந்த கரிசலைத் தள்ளியே மூடியிருந்தார்கள். மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் தூண் இருக்கிறது, போதும் என்றாராம். கரிசலில் பிறந்து கரிசலில் உழுகிற அறுபது வீட்டுக்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மார்கழியில் பீடத்துக்கு முன்னால் தரை பொங்கி டைல்ஸ் எழும்பியது. பங்குனி வெயிலில் அது உள்ளே இறங்கியது. வாசல் தொடங்கிப் பீடம்வரை சுவரில் ஒரு வெடிப்பு ஓடுகிறது, நாலணாக் காசைச் செருகலாம். துணைத்தலைவர் அதன்மேல் பிஷப்பை வரவேற்ற பிளக்ஸையே திரும்ப மாட்டிவைத்திருக்கிறார். அவர் வீட்டு மாடியில் ஒரு கீறல் இல்லை.

இந்தத் தபசு காலத்தில் பங்குச்சாமியார் படுத்திருக்கிறவர்களுக்கு வீடு வீடாக நன்மை கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றாள். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். வழக்கமாக ஐந்து நிமிசத்தில் முடியும். அன்றைக்கு இழுத்தது. சாமியார் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே, "அம்மாவப் பாத்துக்கோங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே போனேன். அம்மா சுவரில் சாய்ந்து, கையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இவ்வளவு நேரம் என்ன பேசினே?" என்றேன், விளையாட்டாகக் கேட்பது போல.

"சொல்லலாம்லா. எனக்குத்தான் கட்டு கெடையாதே" என்றாள். "வருசா வருசம் ஒரே பாவத்தத்தான் சொல்லுதேன். உங்க அய்யாவ மன்னிக்க முடியலன்னு. இந்தத் தடவ உன்னையும் சேத்துச் சொன்னேன்."

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடம் பத்தவில்லை என்பதை இன்னொருமுறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"என்ன அபராதம் போட்டாரு?" என்று கடைசியில் கேட்டேன். அதைத்தான் கேட்க முடிந்தது.

"மூணு மங்கள வார்த்த செபம். இந்தக் காலத்துல லேசா விட்டிருதாவ."

கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஒன்று சொன்னாள். இரண்டாவதை மெதுவாகச் சொல்லி முடித்தாள். மூன்றாவதுக்கு மணியை நகர்த்திவிட்டு நிறுத்தினாள். செபமாலையை என் பக்கம் நீட்டினாள்.

"இத நீ சொல்லிரு" என்றாள். "எனக்குக் கழுத்து வலிக்கி."

வாங்கிக்கொண்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் தரையில் உட்கார்ந்து சொன்னேன்.